பின் சீட்டுக்கு மட்டும் கிடைத்த பேச்சு

லக்கேஜ் அக்காவுக்குத் தன் கணவர் மேல் சந்தேகம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை வேறு பக்கம் போய்விடும். அவர் இன்னொருத்தியின் கையைப் பிடிப்பார், அவளோடு ஓடிப்போவார் என்றெல்லாம் அவள் கனவில்கூட நினைத்ததில்லை. ஓடிப்போக வேண்டும் என்றாலும் முதலில் ஒருத்தியைப் பார்த்து "வா, போகலாம்" என்று சொல்ல வேண்டுமே. அந்த இரண்டு வார்த்தை அந்த மனுஷன் வாயிலிருந்து வராது. அவளுடைய பொறாமை வேறு. வீட்டில் இருபத்தாறு வருஷமாக வாயைத் திறக்காதவர், வருஷத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஐந்து நாள், வேறு ஒரு பெண்ணிடம் காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசிக்கொண்டே போகிறார். அந்தப் பேச்சின் மேல்தான் அவளுக்குக் கண்.

இரண்டு பேருக்கும் வேலை ஒரே சைக்கிள் சுற்றுலா கம்பெனியில். எப்போதோ ரயில் ஓடிய தடம் அது. ரயில் நின்றுபோனதும் தண்டவாளத்தைப் பிடுங்கி, சரளைக்கல் கொட்டி, ரோலர் விட்டு சைக்கிள் பாதை ஆக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் காடு. உள்ளே நுழைகிற இடத்தில் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பம் நட்டிருக்கும். காருக்கும் லாரிக்கும் வழி கிடையாது. ஹாரன் சத்தம் காதில் விழாமல் ஐந்து நாள் மிதிப்பதற்கென்றே தூர தூரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். பகலில் முப்பது கிலோமீட்டர், ராத்திரிக்கு ஆற்றோரத்தில் ஒரு விடுதி.

மிதிக்கிறவர்கள் பெட்டியைச் சுமந்துகொண்டு மிதிக்க முடியுமா? அதற்குத்தான் லக்கேஜ் அக்கா. காலை எட்டு மணிக்கு அறை அறையாகப் போய்ப் பெட்டிகளை இறக்கி, வேனில் அடுக்கி, நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு அடுத்த விடுதிக்குப் போய், அவர்கள் வருவதற்குள் அவரவர் அறையில் வைத்துவிட வேண்டும். பாதையில் முப்பது கிலோமீட்டர் என்றால் ரோட்டில் அறுபது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில் இவள். அவர்கள் காட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள்; இவள் லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வருவாள். ஒன்பது வருஷத்தில் அந்தப் பாதையில் அவள் ஒரு நாள்கூடப் போனதில்லை. கேட்டால் "வேன் யாரு ஓட்டுவா?" என்று முதலாளி கேட்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கணவர் கம்பெனியின் மெக்கானிக். எல்லாருக்கும் கடைசியில் சைக்கிளில் வருவார். யாருக்காவது பஞ்சர் ஆனால், செயின் கழன்றால், இறங்கிச் சரிசெய்து கொடுத்துவிட்டு மறுபடி கடைசியில் சேர்ந்துகொள்வார். பேசாத ஆளுக்கு ஏற்ற வேலை. அந்த வேலைக்கு உலை வைத்த மாதிரி ஆறு வருஷத்துக்கு முன்னால் டெலிபோன் மேடம் பயணியாக வந்து சேர்ந்தார்.

டெலிபோன் மேடத்துக்குப் பன்னிரண்டு வயதிலேயே பார்வை போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். "வணக்கம், எந்த வார்டு வேணும்?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த குரல், கேட்டால் நோய் பாதி குறைந்துவிடும். அவரால் தனியாக ஓட்ட முடியாது என்பதால் முதலாளி இரண்டு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிள் ஒன்றை வாங்கிப்போட்டார். முன் சீட்டில் மெக்கானிக், பின் சீட்டில் மேடம். முதல் நாளே மேடம் கறாராகச் சொல்லிவிட்டாராம்: "மிதிக்கறதுன்னா எங்க வீட்டு மொட்டை மாடியிலகூட ஒரு மெஷினைப் போட்டு மிதிப்பேன். நான் காடு பார்க்க வந்திருக்கேன். நீங்க பார்க்கறதை எனக்குச் சொல்லணும்." முதலாளியும் மெக்கானிக்கின் தோளைத் தட்டி, "பேசறதும் வேலைதான்யா" என்றாராம். இதைக் கேள்விப்பட்டு லக்கேஜ் அக்கா அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். பாவம் அந்தம்மா, ஊமைப் படத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டார் என்று நினைத்தாள்.

அந்தச் சிரிப்பு நாலு வருஷம் தாங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், லாரி நெரிசலில் மாட்டி நேரம் கழித்து வந்து, மேடத்தின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்குப் போனாள். உள்ளே மேடம் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆத்துல ஒரு மரம் விழுந்து கிடந்துச்சாம். அது மேல ஏழு ஆமை வரிசையா உட்கார்ந்திருந்துச்சாம். கடைசி ஆமை மட்டும் கழுத்தை நீட்டி நீட்டி முன்னாடி எட்டிப் பார்க்குதாம், பேங்க் கியூவில நிக்கறவன் மாதிரி. அவர் சொல்லச் சொல்ல எனக்கு மிதிக்கவே முடியல, சிரிப்பு."

லக்கேஜ் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் இருந்த பெட்டி கனத்தது. இதைச் சொன்னது தன் வீட்டுக்காரரா? கல்யாணமான புதிதில் கடற்கரைக்குக் கூட்டிப் போனபோது, அரை மணி நேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி நிறைய இருக்கு" என்று சொன்ன அதே ஆளா? அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆமைக்குக் கிடைத்த வார்த்தை தனக்குக் கிடைக்கவில்லையே என்று எரிந்தது.

அன்றைக்கு அவர் முகம் கழுவிவிட்டு வந்ததும் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"இன்னைக்கு வழியில என்னங்க பார்த்தீங்க?"

"ஒண்ணும் இல்ல. பாதைதான்."

"ஆமை கீமை ஏதும் இல்லையா?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "இருந்துச்சு," என்றார். அத்தோடு துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அவளும் சும்மா விடுகிறவள் இல்லை. வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "என்னங்க, இங்க வாங்க. ரோட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லுங்க" என்றாள். அவர் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். ஒரு தம்ளர் தண்ணீரும் தலைவலி மாத்திரையும் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். அவளுக்கு அந்த மாத்திரையை அவர் தலையில் எறியலாமா என்று இருந்தது. விழுங்கித் தொலைத்தாள்.

அவளே பெரிய வாயாடி என்பதையும் மறைக்கக் கூடாது. வாயை மூடினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல எந்நேரமும் பேசுவாள். வேனில் தனியாகப் போகும்போது லாரியோடு பேசுவாள். பூட்டோடு பேசுவாள், பெட்டியோடு பேசுவாள். அவர் பதில் சொல்வதற்கு இரண்டு வினாடி எடுத்துக்கொண்டால், அந்த இரண்டாவது வினாடியில் பதிலையும் இவளே சொல்லிவிடுவாள். ஆனால் பொறாமை வந்தவளுக்குத் தன் கணக்கு எங்கே தெரிகிறது? எல்லாத் தப்பும் பின் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தது.

ஒரு தடவை அவள் ஒரு சின்னத்தனம் செய்தாள். மேடத்தின் பெட்டியை எந்த விடுதியிலும் ஒரே மாதிரிதான் வைக்க வேண்டும்: கதவுக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டி, கைப்பிடி வாசலைப் பார்த்து. பார்க்க முடியாதவர் உள்ளே வந்ததும் கை அங்கேதான் போகும். கம்பெனியில் அது ஒரு சட்டம். அன்றும் வேன் தாமதம்; மேடம் முன்னாலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவள் பெட்டியை அறையின் நடுவில் வைத்தாள். வைத்துவிட்டு, எடுத்துவிடலாமா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். எடுக்காமலே போனாள். அதில் இடித்து மேடத்தின் கால் விரல் நகம் பெயர்ந்துவிட்டது. யாரிடமும் அவர் புகார் சொல்லவில்லை. "இன்னைக்கு ரொம்ப அவசரம் போல, பரவாயில்ல" என்று மட்டும் சொன்னார். பஞ்சு வைத்துக் கட்டிவிட்டதும் லக்கேஜ் அக்காதான். குற்ற உணர்ச்சி வந்தால் பொறாமை குறையும் என்று யார் சொன்னது? அவளுக்கு இரண்டு பங்கானது.

இந்தத் தடவை சுற்றுலாவின் மூன்றாம் நாள் காலை அது நடந்தது. மெக்கானிக் நீளச் சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கும்போது கால் வழுக்கி, சைக்கிளைக் காப்பாற்றப் போய்த் தன் மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் கை பன் மாதிரி வீங்கிவிட்டது. வழிகாட்டி மற்ற ஒன்பது பேரோடு ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார். முன் சீட்டுக்கு ஆள் இல்லை. மேடம் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு படியில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"நான் ஓட்டறேன்," என்றாள் லக்கேஜ் அக்கா.

சும்மா சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் பத்து வருஷம் சலவைக்கடைத் துணியைச் சைக்கிளில் கட்டி வீடு வீடாகக் கொடுத்தவள். வேனை விடுதிக்காரர் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். எல்லாம் ஒத்துவந்தது. மெக்கானிக் ஒருத்தர்தான் பேயறைந்தது போல நின்றார்.

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"உனக்கு அந்தப் பாதை தெரியாது."

"பாதைக்கு என்ன, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் காடு. நடுவுல போனா முடிஞ்சுது."

"இல்ல... எழுபத்தோராவது கல்லு தாண்டினதும்..." என்று ஆரம்பித்தார். அவள் கண்ணைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. பார்த்துப் போ."

ரயில் போன பிறகும் கிலோமீட்டர் கற்கள் அந்தத் தடத்தில் அப்படியே நின்றன. அது அவளுக்குத் தெரியும். எழுபத்தோராவது கல்லில் என்ன இருக்கிறது, அதை ஏன் இவர் விழுங்குகிறார் என்பதுதான் தெரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் எதையும் மறைத்து அவள் பார்த்ததில்லை. முதல் தடவையாக அவளுக்குள் ஒரு முள் புதிதாகக் குத்தியது.

முற்றத்தில் நாலு சுற்று ஓட்டிப் பழகினாள். நீளச் சைக்கிளில் முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பள்ளம் என்றால் பள்ளம், மேடு என்றால் மேடு, மிதிப்பதை நிறுத்துவதற்கு முன்னால் நிறுத்துகிறேன் என்று. சொல்லாமல் நிறுத்தினால் பின்னால் இருப்பவரின் காலை மிதி உதைத்துவிடும். ஊருக்கே செய்தி சொல்கிறவள், சொல்ல வேண்டிய இந்த மூன்று வார்த்தையை மட்டும் மறந்து மறந்து போனாள். முதல் கிலோமீட்டருக்குள் மேடம் இரண்டு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அங்க பாருங்க, எவ்வளவு பெரிய..." என்று கையை நீட்டிவிட்டு, அவள் தன் நாக்கைக் கடித்துக்கொண்டது மூன்றாவது.

"எங்க? வலப்பக்கமா, இடப்பக்கமா?" என்று மேடம் நிதானமாகக் கேட்டார்.

"வலப்பக்கம். மரம். அடிமரத்தை நாலு பேரு சேர்ந்தாத்தான் கட்டிப் பிடிக்க முடியும்."

பாதை ஆற்றை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்க மரங்களும் மேலே ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு நின்றன. தரையில் வெயில் துண்டு துண்டாகக் கிடந்தது. சரளையில் டயர் உருளும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு பறவை எங்கோ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. பாறையை வெட்டிய இடத்தில் இரு பக்கச் சுவரிலும் பாசி பச்சைப் பசேலென்று ஊறி, தண்ணீர் சொட்டியது. பிறகு இரும்புப் பாலம். கீழே ஆறு அகலமாக, அவசரமே இல்லாமல், பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. லக்கேஜ் அக்காவுக்கு மறுபடி வயிறு எரிந்தது. ஒன்பது வருஷமாக இவர்கள் எல்லாரும் இதையா அனுபவித்தார்கள்? நான் டீசல் புகையைக் குடித்துக்கொண்டிருந்தபோது?

அவள் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே போனாள். பாலத்தைப் பற்றி ஆரம்பித்து லாரிக்காரர்களுக்குப் போய், அங்கிருந்து நாத்தனார் வீட்டுச் சண்டைக்குப் போனாள். மேடம் சிரித்துக்கொண்டே கேட்டார். முன் சீட்டில் உட்கார்ந்தால் ஒரு வசதி இருப்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்தது. கேட்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கண் பாதையில் இருக்கும். வாய் தன் பாட்டுக்குப் போகும். அப்படிப் போன போக்கில், தான் சொல்வோம் என்று நினைத்தே பார்க்காத ஒன்றும் வெளியே வந்துவிட்டது.

"அன்னைக்கு உங்க பெட்டியை ரூம் நடுவுல வச்சது நான்தான். மறதியில இல்ல. வேணும்னுதான் வச்சேன்."

"தெரியும்," என்றார் மேடம். "உங்க செருப்புச் சத்தம் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம்தான் போச்சு."

கொஞ்ச தூரம் இரண்டு பேரும் மிதித்தார்கள்.

"எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"உங்க வீட்டுக்காரரோட குரல் எனக்குக் கிடைக்குது. உங்களுக்குக் கிடைக்கல போல," என்றார் மேடம். அதில் குத்தல் இல்லை. ஆஸ்பத்திரியில் வார்டு எண் சொல்வது போலச் சொன்னார். "எழுபது தாண்டியாச்சா?"

"இப்பதான் தாண்டுது."

"அப்போ அடுத்தது என் வீடு."

"உங்க வீடா? இங்கயா?"

"எனக்குப் பிடிச்ச வீடு. இந்தப் பாதையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். ஓட்டு வீடு, பச்சைக் கதவு. வாசல்ல ஒரு அம்மா நிப்பாங்க. நாங்க போறப்ப ஒவ்வொரு தடவையும் கை காட்டுவேன். அவங்களும் காட்டுவாங்க. உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

லக்கேஜ் அக்காவின் காதில் புகை வந்தது. எழுபத்தோராவது கல்லில் மனுஷன் விழுங்கியது இதைத்தானா? ஒரு பெண்ணா? கண் தெரியாத மேடத்தின் மேல் வைத்திருந்த பொறாமை முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டு அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்குக் குடிபோனது.

"எப்படி இருப்பா அவ? அழகா இருப்பாளா?"

"அழகுன்னு அவர் சொன்னதே இல்ல. 'பார்த்துகிட்டே இருக்கலாம்'னு ஒரு தடவை சொன்னாரு."

மிதியை அவள் அழுத்திய அழுத்தில் சைக்கிள் துள்ளியது.

"வேற என்ன சொன்னாரு?"

"நிறைய சொல்லியிருக்காரு. கோழிங்களோட முழு வாக்கியமா சண்டை போடுவாங்களாம். அதுங்க பதில் சொல்றதுக்குக் காத்திருக்காம அடுத்ததுக்குப் போயிடுவாங்களாம். பாத்திரம் கழுவின பேசினைத் தூக்கித் தண்ணியை வீசறது இடது கையாலதானாம்."

இடதுகைக்காரிகள் உலகத்தில் எத்தனையோ பேர் என்று லக்கேஜ் அக்கா பல்லைக் கடித்தாள். அவளும் இடதுகைக்காரிதான்.

"கொண்டையில பென்சிலைச் செருகிக்குவாங்களாம். செருகிட்டு அதையே வீடு பூரா தேடுவாங்களாம். அவர் பார்த்துகிட்டே இருப்பாராம், சொல்ல மாட்டாராம். தேடறப்ப முகம் அவ்வளவு நல்லா இருக்குமாம்."

லக்கேஜ் அக்காவின் இடது கை தானாகவே தலைக்குப் போனது. காலையில் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதிய பென்சில் தலைக்கவசத்துக்குக் கீழே கொண்டையில் இருந்தது. சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி, சரளையில் இழுத்துக்கொண்டு போய், மறுபடி நேரானது.

"என்ன ஆச்சு?"

"பள்ளம்," என்றாள். பள்ளம் எதுவும் இல்லை.

"அப்புறம் சிரிக்கறப்ப வாயை மூடிக்குவாங்களாம். முன்பல்லு ஓரத்துல உடைஞ்சிருக்குமாம். சில சமயம் மூட மறந்துடுவாங்களாம். அன்னைக்கு அவருக்கு நல்ல நாளாம்."

அந்தப் பல் உடைந்தது கல்யாணமான வருஷம். சலவைக்கடைச் சைக்கிளிலிருந்து கீழே விழுந்தபோது. மருத்துவரிடம் போகலாமா என்றுகூடக் கேட்காமல் அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும், "ரொம்ப அசிங்கமா இருக்கா?" என்று தான் கேட்டதும், அவர் பதில் சொல்லாமல் நின்றதும், சரி, அசிங்கமாகத்தான் இருக்கிறது போல என்று தானே முடிவு செய்துகொண்டதும் அவள் நினைவுக்கு வந்தன. அன்றிலிருந்துதான் அவள் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

எழுபத்தோராவது கல் வந்தது. கல்லைத் தாண்டிப் பாதை லேசாக வளைந்தது. வளைவுக்கு அப்பால் வீடு இல்லை. ஓடு இல்லை, கதவு இல்லை, கோழி இல்லை. கூரை பறந்துபோன ஒரு பழைய பம்ப் ரூம் இருந்தது. அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு முள்செடி. துருப்பிடித்த குழாய் ஒன்று ஆற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இந்த முப்பது கிலோமீட்டரில் பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரே இடம் அதுதான்.

"வந்தாச்சா?" என்றார் மேடம். அவர் கை ஏற்கெனவே பாதி உயர்ந்திருந்தது. "நிக்கறாங்களா?"

'இங்க வீடே இல்ல' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஆறு வருஷக் காடும், ஏழு ஆமையும், எல்லாமே அந்த நிமிஷத்தில் பொய்யாகிவிடும். இந்த அம்மா இனிமேல் அந்த மனுஷனின் பின் சீட்டில் ஏறவே மாட்டார். இரண்டு வருஷமாக அவள் வேண்டிக்கொண்டது இதைத்தான். இப்போது அது அவள் வாய்க்குள்ளேயே வந்துவிட்டது. எந்த வார்த்தையையும் உள்ளே வைத்துப் பழக்கமில்லாத வாய் அது.

"நிக்கறாங்க," என்றாள்.

"என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் பண்ணல. நம்மளையே பார்த்துகிட்டு நிக்கறாங்க."

"முகம் எப்படி இருக்கு?"

"கோவமா இருக்கு."

"ஐயோ, யார் மேல?"

"தெரியல."

மேடம் முள்செடியைப் பார்த்து நன்றாகக் கையை ஆட்டினார். "அவங்க காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

மிச்சம் இருபது கிலோமீட்டரில் லக்கேஜ் அக்கா பேசியது மூன்றே சொல்: மேடு, பள்ளம், நிறுத்தறேன். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு ஒரு இடத்தில் பாறைகளுக்கு நடுவே வெள்ளையாக நுரைத்துக்கொண்டு போனது; அதைக்கூட அவள் சொல்லவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரமாகத்தான் வந்தது. ஆறு வருஷமாகத் தனக்கு வர வேண்டிய வார்த்தையெல்லாம் அந்தப் பச்சைக் கதவு வீட்டு வாசலில் கொட்டிக் கிடக்கிறது. எவளோ ஒரு இல்லாதவள் அதை வாரிக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அதுவும் அவளுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும், சந்தேகமே இல்லை. பல் புதிதாக உடைந்தவளை மனுஷன் அப்படியே நிறுத்திவைத்திருப்பார். முட்டி வலியும் நரையும் உள்ளவள் வேன் ஓட்டிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டிருப்பார்.

அடுத்த விடுதியின் வாசலில் அவர் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். விடுதிக்காரரோடு வேனில் வந்து, ஒற்றைக் கையால் பெட்டிகளையும் அறைகளில் வைத்திருந்தார். மேடத்தின் பெட்டி கதவுக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டி இருந்தது. மேடம் உள்ளே போகும் வரை இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவர்கள் அறையில் ஜன்னல் வழியாக இன்னும் நல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று அவர் கேட்டார். அவராக முதலில் கேட்டது அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"வீடு நல்லா இருக்கு," என்றாள் அவள்.

அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பச்சைக் கதவுதான். நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. மேடம் கை காட்டினாங்க. நான் உங்களைக் காட்டிக்கொடுக்கல."

வெளியே முற்றத்தில் யாரோ குழாயைத் திறந்து சைக்கிள்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இந்த நேரத்துக்கு அவள் அடுத்த பத்து வாக்கியத்தைச் சொல்லி முடித்திருப்பாள். சொல்லவில்லை. அதனால் அவருக்குச் சொல்ல இடம் கிடைத்தது.

"முதல் வருஷம்... அந்த இடத்துல சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. பம்ப் ரூமும் முள்ளும்தான். அவங்க என்ன இருக்கு, என்ன இருக்குன்னு கேட்டுகிட்டே இருந்தாங்க. ஏதாவது சொல்லணுமே. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்."

"அந்தம்மாவுக்கு ஆறு வருஷமா என்னைத் தெரியுது," என்றாள் அவள். "எனக்குத்தான் தெரியல. அவங்க கேட்டா வீடு கட்டித் தரீங்க. நான் கேட்டா மாத்திரை எடுத்துட்டு வரீங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அது எப்போது நடக்கிறது என்று பார்த்தாள். தன் முகத்தைப் பார்க்கும்போதுதான் நடக்கிறது. காலையில் பெட்டி விஷயம் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

"இங்க வந்து உட்காருங்க," என்றாள். அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "என்னைப் பார்க்க வேண்டாம். அந்தப் பக்கம் திரும்புங்க."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அவள் கட்டில் மேல் ஏறி, காலை மடக்கி, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் சட்டையில் மருந்து வாசனை அடித்தது.

"இப்போ சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"எதிர்ல தெரியறதைச் சொல்லுங்க."

எதிரில் சுவர்தான் இருந்தது. அவர் சும்மா இருந்தார். அவளுக்கு நாக்கு அரித்தது. மூன்று தடவை வாய் வரைக்கும் வந்ததை மூன்று தடவையும் விழுங்கினாள். முற்றத்தில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"ஒரு வீடு தெரியுது," என்றார் அவர்.

அவள் பேசவில்லை.

"வாசல்ல ஒருத்தி நிக்கறா."

இவ்வளவு நேரம் தாங்கியவளால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை. அந்த வாசலில் நிற்பவள் மேல் இருந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"அவளுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

"அம்பத்தொண்ணு," என்றார் அவர். "போன வாரம்தான் ஆச்சு."